செம்பனை ஆலைக் கழிவால் ஆற்று மீன்பிடிக்கு நேர்ந்த இழப்பை எவ்வாறு கணக்கிடுவது?

ஆற்றோரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு சிறு நகரத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா இங்கே பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்து வீடுகள் கலைந்தபோது, எங்கள் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் ஆற்றோரக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, குடிபெயர்ந்து, பழைய சம்பான்களை வாங்கி, உடாங் காலா எனப்படும் பெரிய ஆற்று இறாலையும் பாவுங் என்னும் கெளுத்தி வகை மீனையும் பிடித்து விற்கத் தொடங்கின. இன்று பதினொரு படகுகள் உள்ளன. அவற்றில் ஒன்று என் அப்பாவுடையது.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் படகுத்துறைக்குப் போனபோது ஆறு காப்பி ஓ நிறத்தில் கிடந்தது. புளித்த எண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. இறால்கள் நிப்பா மட்டைகளிலும் துறையின் மரக்கால்களிலும் ஏறி, மீசை மட்டும் தண்ணீருக்கு வெளியே ஆட, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பத்துப் பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளினார்கள். அப்பா மட்டும் அள்ளவில்லை. மூச்சு முட்டி மேலே வந்த உயிரைப் பிடிப்பது தொழில் இல்லை என்று சொல்லிவிட்டுப் படகை அவிழ்க்காமலே திரும்பினார். நண்பகலுக்குள் பாவுங் மீன்கள் வாயைப் பிளந்தபடி மிதந்தன. மேலாற்றில் உள்ள ஓர் ஆலையின் கழிவுக் குளம் கரை உடைந்ததே காரணம் என்று பின்னர் பேசப்பட்டது.

அதிகாரிகள் வந்து நீர் மாதிரி எடுத்துச் சென்றார்கள். இழப்பு எவ்வளவு என்று எண்ணாக எழுதித் தருமாறு எங்கள் குடியிருப்போர் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். குழுவில் ஓரளவு கணக்குத் தெரிந்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செத்து மிதந்தவற்றை எடை போட்டவர்கள் சொன்னதைக் கூட்டியபோது ஏறத்தாழ 160 கிலோ வந்தது. கலப்பு விலையாகக் கிலோவுக்கு 40 ரிங்கிட் வைத்து 6,400 ரிங்கிட் என்று எழுதினேன். அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது அன்றைக்குச் செத்ததற்கான கணக்கு. நான் நாளைக்கும் அடுத்த மாதமும் பிடித்திருக்க வேண்டியது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது, எத்தனை மாதத்துக்குச் சேர்ப்பது? இறால் குறைந்ததால் விலை ஏறிவிட்டது. விலை ஏறினால் எங்களுக்கு இழப்பு குறைந்தது என்று பொருளா? விற்காமல் வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொண்ட மீனுக்கு என்ன மதிப்பு? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் பதினொரு குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.


கிராணி வீட்டுப் பேரன் எழுதியது:

ஆற்றோரத்தான் அவர்களுக்கு வணக்கம். நான் மீன்வளப் பொருளாதாரம் படித்தவன். என் தாத்தா உங்கள் வட்டாரத்தில்தான் தோட்டத்துக் கிராணியாக இருந்தார். உங்கள் அப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

செத்து மிதந்த 160 கிலோவை முதலில் பணக்கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது சான்று, தொகை அல்ல. எவ்வளவோ மீன் அடியில் மூழ்கியிருக்கும், நீரோட்டத்தில் கடலுக்குப் போயிருக்கும், ஆகவே அந்த எடை எப்போதும் குறைவாகவே இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அன்று செத்த இறால்தான் அடுத்த வாரங்களில் உங்கள் பூபு என்னும் பொறிக்கூட்டில் விழுந்திருக்க வேண்டியது. செத்ததற்கும் விலை போட்டு, வரும் மாதங்களில் குறைந்த பிடிப்புக்கும் விலை போட்டால் ஒரே இறாலுக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும். எதிர்த்தரப்பின் கணக்காளர் அந்த ஓர் ஓட்டையைக் காட்டியே முழுத் தாளையும் கிழித்துவிடுவார்.

நீங்கள் அளக்க வேண்டியது, கழிவு கலக்காமல் இருந்திருந்தால் இந்த மாதங்களில் கிடைத்திருக்கக்கூடிய நிகர வருமானத்துக்கும் உண்மையில் கிடைத்த நிகர வருமானத்துக்கும் உள்ள இடைவெளி. இதில் "நிகர" என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு படகை வைத்துக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு மாதம் 22 நாள் தொழில், நாளுக்கு 3 கிலோ இறால், தவ்கே, அதாவது மீனை வாங்கும் வியாபாரி, எடுக்கும் விலை கிலோ 50 ரிங்கிட் என்றால் நாள் வரவு 150. பெட்ரோலும் இரையும் ஐஸும் 30 போக மிச்சம் 120. கழிவுக்குப் பிறகு 1 கிலோதான் கிடைக்கிறது, விலை 65-க்கு ஏறியிருக்கிறது, ஆனால் இறாலைத் தேடி ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போக வேண்டியிருப்பதால் செலவு 40 ஆகிவிட்டது, மிச்சம் 25. வரவை மட்டும் பார்த்தால் நாளுக்கு 85 ரிங்கிட் குறைந்தது. நிகரத்தைப் பார்த்தால் 95 குறைந்தது. மாதத்துக்கு 2,090 ரிங்கிட்.

உங்கள் விலைக் கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. விலை ஏற்றம் மீனவரின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டியிருக்கிறது, அதை நேர்மையாகக் கழித்துவிட வேண்டும். ஆனால் அந்த இழப்பு மறையவில்லை. வாங்கிச் சாப்பிடுபவர் தலைக்கு மாறியிருக்கிறது. பொருளாதாரத்தில் இதை நுகர்வோர் இழப்பு என்று தனியாக அளப்பார்கள். ஊர் முழுவதற்கும் நேர்ந்த சேதம் என்ன என்று கேட்டால் அதையும் கூட்ட வேண்டும். பதினொரு படகுகளுக்கு என்ன ஈடு என்று கேட்டால் அது உங்கள் தாளில் வராது. எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மனத்துக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு கெட்ட மாதங்களில் ஒருவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் அந்தச் சம்பளத்தையும் கழிக்க வேண்டும். மேலே சொன்ன படகுக்காரர் 14 நாள் மட்டும் ஆற்றுக்குப் போய் 350 ரிங்கிட்டும், 8 நாள் தோட்டத்தில் குத்தகைக்குக் குலை ஏற்றி நாளுக்கு 60 வீதம் 480 ரிங்கிட்டும் சம்பாதித்தார் என்றால், கையில் வந்தது 830. முன்பு வந்தது 2,640. இழப்பு 1,810. மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட, நாமே எழுதிவிட்டால் மற்ற எண்களும் நம்பப்படும்.

இந்த ஒரு படகின் கணக்கைப் பதினொன்றால் பெருக்கவும் கூடாது. வலை வேறு, கூடு வேறு, வயது வேறு. படகுக்கு ஒரு தாள் போடுங்கள்.

அடுத்து, முன்பையும் பின்பையும் ஒப்பிட்டால் போதாது. மழைக்காலத்தில் பிடிப்பு எப்படியும் மாறும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் விலை ஏறும். அவற்றை ஆலையின் கணக்கில் எழுத முடியாது. அதனால் கழிவு கலக்காத பக்கத்து ஆற்றிலோ, உங்கள் ஆற்றிலேயே ஆலைக்கு மேலே உள்ள பகுதியிலோ அதே மாதங்களில் பிடிப்பு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அங்கே பத்தில் ஒரு பங்கு குறைந்து, உங்களிடம் பத்தில் ஆறு பங்கு குறைந்திருந்தால், இடையில் உள்ள ஐந்து பங்குதான் கழிவினால் வந்தது என்று சொல்லும் தகுதி உங்களுக்கு வரும். அலாஸ்காவில் 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியது. அங்கே ஹெர்ரிங் மீன் வளம் சரிந்தது 1993-இல். எண்ணெய்தான் காரணமா, நோயா, இரண்டும் சேர்ந்தா என்ற வாதம் இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. காலம் கடக்கக் கடக்கக் காரணத்தைக் கட்டுவது கடினமாகிறது என்பதால்தான் இப்போதே எழுதுங்கள் என்கிறேன்.

கடைசியாக ஒரு பொறியைக் குறிப்பிடுகிறேன். எச். ஸ்காட் கார்டன் என்ற கனடியப் பொருளியலாளர் 1954-இல் எழுதிய கட்டுரை ஒன்று, யாரும் வந்து பிடிக்கலாம் என்ற நிலையில் உள்ள மீன்பிடியில் இலாபம் தங்காது, ஆட்கள் வந்து சேர்ந்து அதைக் கரைத்துவிடுவார்கள் என்று காட்டியது. அது தலைகீழாகவும் நடக்கும். ஆறு கெட்ட பிறகு நான்கு பேர் தொழிலை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டால், எஞ்சிய ஏழு படகுகளுக்கும் தலைக்கு விழும் பங்கு கூடும். ஓராண்டு கழித்து வந்து அந்த ஏழு பேரிடம் மட்டும் விசாரிப்பவர், வருமானம் பழையபடி ஆகிவிட்டது, இழப்பில்லை என்று எழுதிவிட்டுப் போவார். ஆறு பாதிதான் தருகிறது என்பது அந்தத் தாளில் தெரியவே தெரியாது. ஆகவே விலகிப் போனவர்களின் பெயரையும் அவர்களின் பழைய வருமானத்தையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஆலைக் குளத்தில் இருந்தவர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு செம்பனை ஆலையில் கழிவுக் குளங்களைப் பார்த்துக்கொண்டவன். நீங்கள் சொல்லும் ஆலை அல்ல. இறால் மரக்காலில் ஏறி நின்றது என்று படித்தபோது என் வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்தக் காட்சிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வரும். கொதிக்கக் கொதிக்க வரும் அந்தப் பழுப்புத் தண்ணீரில் நஞ்சு என்று எதையும் ஆலை சேர்ப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் பழச்சக்கையும்தான் அதில் இருக்கின்றன. ஆனால் அவை அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, தின்றுவிடும். இதை அளக்கும் பி.ஓ.டி. என்ற அளவு, சுத்திகரிக்காத கழிவில் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய்க்கென்று தனி விதிகள் வந்தன. ஆற்றில் விடும் நீரில் இந்த அளவு முதலில் 5,000 வரை இருக்கலாம் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100 என்று கொண்டுவந்தார்கள். 25,000-க்கும் 100-க்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடக்கத்தான் வரிசையாகக் குளங்கள், மாதக்கணக்கில் தங்கும் நேரம். அடியில் சேறு தூர்வாராமல் கிடந்தால் குளத்தின் கொள்ளளவு சுருங்கும். பெருமழை வந்தால் வெந்தும் வேகாததுமாக வழிந்து ஓடும். கரை உடைந்தால் சொல்லவே வேண்டாம்.

இதிலிருந்து உங்கள் கணக்குக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

மீன் செத்தது மூச்சடைப்பினால். ஆகவே பிழைத்த மீனின் சதையில் நஞ்சு ஏறியிருக்கும் என்று எழுதாதீர்கள், அது நிற்காது. அதே காரணத்தால் ஓட்டமுள்ள ஆறு சில வாரங்களில் நிறம் தெளிந்துவிடும். தண்ணீர் தெளிந்ததும் இழப்பு முடிந்தது என்று அவர்கள் சொல்வார்கள். அங்கேதான் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. உடாங் காலா நல்ல தண்ணீரில் வளர்ந்தாலும் அதன் குஞ்சு பிழைப்பது உப்புக் கலந்த நீரில்தான். சினை இறால் முட்டையை வயிற்றில் சுமந்துகொண்டு ஆற்றின் வாய்ப்பக்கம் இறங்கும். அங்கே பொரித்த குஞ்சுகள் வளர்ந்து மறுபடி மேலே ஏறும். அவை விற்கும் அளவுக்கு வர அரையாண்டோ அதற்கு மேலோ ஆகும். சினை இறால் இறங்கும் வேளையில் கழிவு வந்திருந்தால் நீங்கள் இழந்தது அன்றைய இறாலை மட்டும் அல்ல, அடுத்த பருவத்தையும்தான். வாளியில் அள்ளியவற்றில் வயிற்றடியில் மஞ்சளாக முட்டை ஒட்டியிருந்தவை எத்தனை என்று அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படங்கள் தங்கத்துக்குச் சமம்.

மூன்றாவது செய்தி, காரணத்தை நிறுவுவது பற்றியது. உங்கள் பக்கம் செடிகொடிகள் மட்கிச் சேர்ந்த சதுப்பு மண், அதாவது கம்புட் மண், நிறைய உண்டு. நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழை அந்த மண்ணிலிருந்து கறுப்பான புளித்த நீரை வாரிக்கொண்டு வரும்; அதிலும் உயிர்வளி குறைவு, அதிலும் மீன் திணறும். ஆலைத் தரப்பு இதைத்தான் முதலில் சொல்லும். கம்புட் தண்ணீர் கறுத்திருந்தாலும் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் தேநீர் போல் தெளிவாக இருக்கும். ஆலைக் கழிவு கலங்கியிருக்கும், மேலே எண்ணெய்ப் படலம் நிற்கும், கரையில் பிசுக்கு ஒட்டும். நீர் மாதிரி அறிக்கையில் எண்ணெய் அளவும் தொங்கும் திடப்பொருள் அளவும் என்னவென்று பாருங்கள். மாதிரி எடுத்த நேரத்தையும் பாருங்கள். ஆற்றில் உயிர்வளி மிகக் குறைவது விடிவதற்குச் சற்று முன்பு. பகல் ஏறினால் கொஞ்சம் கூடும். நண்பகலில் எடுத்த மாதிரி நன்றாக இருந்தது என்பதால் விடியலில் மூச்சு இருந்தது என்று ஆகிவிடாது.


மீன்காரம்மா மகள் எழுதியது:

தம்பி, நீங்கள் பதினொரு படகு என்கிறீர்கள். அந்தப் பதினொரு படகின் மீனையும் வாங்கித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்றவர்களை யார் எண்ணுவது? என் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடை கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். எங்கள் ஆற்றிலும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. நீர் தெளிந்த பிறகும் தோட்டத்துப் பெண்கள் கூடையை எட்டிப் பார்த்து, "ஆற்று மீனா? வேண்டாம்" என்று உள்ளே போய்விடுவார்கள். ஐயா சொன்னதுபோல் அந்த மீனில் நஞ்சு இல்லை. ஆனாலும் விற்கவில்லை. அம்மா அதைக் கருவாடு போட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தார். வாங்குபவரின் பயமும் மாசு செய்த சேதம்தான் என்பதை நான் அந்தக் கூடையில் பார்த்தேன்.

பின்னாளில் சட்டம் படித்தபோது இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹோப்வெல் நகரில் கெபோன் என்ற பூச்சிக்கொல்லி ஜேம்ஸ் ஆற்றில் கலந்தது. 1975 டிசம்பரில் ஆளுநர் அந்த ஆற்றில் மீன்பிடியைத் தடைசெய்தார். அந்தத் தடை முழுவதுமாக விலக 1988 ஆயிற்று. வழக்கு 1981-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பானபோது, மீன்பிடிப்பவர்கள் வழக்கை நடத்தலாம், படகுத்துறை வைத்திருப்பவர்களும் தூண்டில் இரை விற்கும் கடைக்காரர்களும் நடத்தலாம், ஆனால் மீனை மொத்தமாக வாங்கி விற்பவர்களும் உணவகக்காரர்களும் நடத்த முடியாது என்று நீதிபதி கோடு கிழித்தார். எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தாவிட்டால் சங்கிலி முடிவில்லாமல் போகும், ஒரே இழப்பு பல கைகளில் எண்ணப்படும் என்பது காரணம். அந்தக் காரணம் புரிகிறது. ஆனாலும் என் அம்மா அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார் என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. நம் நாட்டு நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அதனால் உங்கள் தாளில் விற்பவர்களுக்குத் தனிப் பகுதி போடுங்கள். மீனவர் தொகையோடு கலக்காதீர்கள். ஆனால் விட்டுவிடவும் செய்யாதீர்கள். அவர்களுக்கும் நிகரம்தான் கணக்கு: விற்றுக் கிடைத்த மிச்சம் எவ்வளவு குறைந்தது என்பது மட்டும், மீனின் முழு விலை அல்ல.

வீட்டுச் சமையலுக்கு எடுத்த மீனைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சேர்க்காமல் விட்டால் பெண்களின் கணக்கு முழுதும் விடுபட்டுவிடும். எந்த வீட்டிலும் பெரிய இறால் விற்பனைக்குப் போகும். சிறியதும் கால் ஒடிந்ததும் குழம்புக்கு வரும். ஆகவே அதற்குத் தவ்கே விலை போட முடியாது. ஆறு கெட்ட பிறகு அதற்குப் பதிலாக என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஆற்று மீன் சமைத்த வீடு இப்போது சந்தையில் கெம்போங் என்னும் கடல் மீனோ கோழியோ வாங்குகிறது என்றால், அந்தச் செலவுதான் வீட்டு மீனின் மதிப்பு. மாதக் கடைசியில் ஒன்றும் வாங்காமல் முட்டையோடு முடித்துக்கொண்ட நாள்களும் இருக்கும். அவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள், கேட்காவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி எல்லாவற்றுக்கும் அடிப்படையான சான்று. படகுக்காரர்களிடம் ரசீது இருக்காது. ஆனால் மீனை எடுத்தவரிடம் 555 கணக்குப் புத்தகம் இருக்கும். என் அம்மாவின் புத்தகங்கள் பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. உள்ளங்கை அளவுத் தாளில், தண்ணீர் பட்டு ஊதா மை பரவிய எழுத்தில், படகுக்காரர் பெயரின் முதல் எழுத்து, பெரிசு இவ்வளவு, சிறிசு இவ்வளவு, கொடுத்தது, பாக்கி என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி. எடை சில இடங்களில் கிலோ, பழைய பக்கங்களில் காத்தி. ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத நாளுக்கு ஒரு கோடு. அந்தக் கோடுகளையும் எண்ணுங்கள், எத்தனை நாள் தொழிலுக்குப் போனார் என்பது அதிலிருந்துதான் தெரியும். இப்படி நாள்தோறும் அப்போதைக்கப்போது எழுதிய குறிப்பு, பிறகு நினைவிலிருந்து எழுதித் தரும் எந்தக் கடிதத்தைவிடவும் பலமானது. மூலப் புத்தகத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து நகலை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று: இத்தகைய தவறுக்கு வழக்குத் தொடர 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டுகள் தருகிறது. அவசரப்பட்டு முதல் பேச்சிலேயே "இதோடு எல்லாம் தீர்ந்தது" என்ற தாளில் யாரும் கையொப்பமிட வேண்டாம். அடுத்த பருவத்துப் பிடிப்பைப் பார்க்காமல் இழப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.


ஆற்றோரத்தான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன பிறகு, எங்கள் மீனை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து மேசைமேல் கொட்டினார். முப்பத்தொரு புத்தகங்கள். 2018 முதல் இருக்கின்றன. அப்பாவின் பெயர் எழுத்து உள்ள வரிகளை மட்டும் மூன்று இரவுகளாக எழுதி எடுத்தேன். அவர் எத்தனை நாள் போனார், எத்தனை நாள் போகவில்லை என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. விலகிப் போன இருவரின் பெயரையும் சேர்த்துவிட்டேன். முட்டையோடு இருந்த இறால் படம் ஏழு கிடைத்திருக்கிறது.

இரண்டு ஐயங்கள். குழுவில் ஒருவர், மீன் பிடிக்காதவர்களுக்கும் ஆறு சொந்தம்தானே, பிள்ளைகள் குளிப்பதும் கோயில் திருவிழாவுக்குத் தீர்த்தம் எடுப்பதும் நின்றுபோனதற்கு ஒரு தொகை போட வேண்டும் என்கிறார். அவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. இரண்டாவது, 2020-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த மாதங்களில் புத்தகத்தில் கோடுகளே அதிகம். அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பழைய வருமானம் குறைந்து தெரிகிறது. விட்டுவிட்டால் எண்ணைக் கூட்டிக் காட்டியதாகச் சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.


கிராணி வீட்டுப் பேரன் எழுதியது:

முதல் கேள்வியைக் கேட்டவர் சின்ன விஷயத்தைக் கேட்கவில்லை. அலாஸ்கா விபத்துக்குப் பிறகு, பெரும்பாலும் அந்தக் கடலைப் பார்த்தே இராத அமெரிக்கக் குடும்பங்களிடம் இன்னொரு முறை அப்படி நேராமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். நடுமதிப்பாகக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 31 டாலர் வந்தது; நாடு முழுவதுக்கும் பெருக்கியபோது 280 கோடி டாலர். அந்த முறையை நம்பலாமா என்று ஆராய அமைத்த குழுவுக்கு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரு நோபல் பொருளியலாளர்கள் தலைமை தாங்கினார்கள். கடுமையான நிபந்தனைகளோடு நம்பலாம் என்று 1993-இல் அந்தக் குழு சொன்னது. ஆனால் கப்பல் எண்ணெய்க் கசிவுக்கு ஈடு வழங்கும் பன்னாட்டு நிதியம், ஏட்டளவிலான மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்ட சேதத்தை ஏற்பதில்லை என்று 1980-இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. உங்கள் வழக்குக்கு அந்த நிதியம் தொடர்பில்லாதது. என்றாலும், ஈடு தரும் இடங்களில் எந்த எண் எளிதாக நிற்கும், எது நிற்காது என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. திருவிழாத் தீர்த்தத்துக்கு நீங்களாக ஒரு தொகை போட்டால், அதன் பலவீனம் மீனவர் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகும். தொகை இல்லாமல், எந்தத் துறையில் எத்தனை பிள்ளைகள் குளித்தார்கள், எந்த ஆண்டிலிருந்து எங்கே தீர்த்தம் எடுத்தார்கள், இப்போது எங்கே போகிறார்கள் என்று விவரமாக எழுதி, பணத்துக்குப் பதிலாகக் கரையைச் சுத்தம் செய்து தருமாறும் இறால் குஞ்சு விட்டுத் தருமாறும் கேளுங்கள். இழந்ததை இழந்த பொருளாகவே திருப்பிக் கேட்பது இந்த இடத்தில் பணத்தைவிடப் பொருத்தமானது.

இரண்டாவது கேள்விக்கு: 2020 மார்ச் 18-இல் ஆணை தொடங்கியது. அன்றிலிருந்து உங்கள் ஊரில் தொழில் பழையபடி ஆன மாதம் வரை உள்ள வரிகளைச் சராசரியிலிருந்து விலக்குங்கள், ஏனென்றால் ஆற்றில் இறால் இல்லாமல் அந்தக் கோடுகள் விழவில்லை. ஆனால் விலக்கியதை மறைக்காதீர்கள். அந்த மாதங்களைச் சேர்த்தால் என்ன எண், விட்டால் என்ன எண் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதி, ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். நீங்களே இரண்டையும் காட்டிய பிறகு எண்ணைக் கூட்டியதாக யாரும் சொல்ல முடியாது. வெள்ளம் வந்து படகே இறங்காத வாரங்கள் இருந்தால் அவற்றுக்கும் இதே முறைதான். அப்பாவின் தாள் முடிந்ததும், அடுத்துப் பெரியவரின் புத்தகத்தில் அதிக வரிகள் உள்ள படகை எடுத்துக்கொள்ளுங்கள்; விடுபட்ட வரிகள் குறைந்த தாள்கள் இரண்டு கையில் இருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அவை அளவுகோலாக நிற்கும்.